பதினொன்றரை மணி ஸ்டியரிங்

ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பப் போகும் கம்பியின் முனை, அந்த டை ராடு எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். புதியதையும் அதே எண்ணிக்கையில் முறுக்கி ஏற்றினால் சக்கரத்தின் திசை ஏறக்குறைய பழையபடி நிற்கும். இது எனக்குத் தெரியும். எண்ணவும் செய்தேன். பத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது பால்கனியிலிருந்து என் மனைவி, "ஏனுங்க, சின்ன வெங்காயம் எத்தனை கிலோ சொல்லட்டும்?" என்றாள். வாசலில் வெங்காய வண்டி நின்றுகொண்டிருந்தது. "ரெண்டு" என்றேன். அடுத்த சுற்று என் மனதில் "மூணு" என்று பதிவானது.

கொஞ்ச நாள் வெங்காயத்தின் மேலேயே பழியைப் போட்டு ஓட்டினேன். எண்ணிக்கை பிசகாமல் இருந்திருந்தாலும் அது முழுசாகக் காப்பாற்றியிருக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. பழைய டை ராடு எண்டும் புதியதும் அச்சு அசலாக ஒரே நீளம் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. கம்பெனி மாறினால் பந்துமுனைக்கும் மரைக்கும் இடையில் ஓரிரு மில்லிமீட்டர் கூடக் குறைய இருக்கும். அதனால் எண்ணுவதோடு, பந்தின் நடுவிலிருந்து லாக் நட்டு வரை அளந்தும் குறித்துக்கொள்ள வேண்டும். வெர்னியர் காலிப்பர் வீட்டில் இருக்கிறது. பேனா ரீஃபில் தேடும் நாட்களில் மட்டும் கைக்குத் தட்டுப்படும்.

வண்டி மாருதி 800. அப்பா ஓட்டியது. 1983 டிசம்பரில் ஊருக்கு வந்து, 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன இனம். பவர் ஸ்டியரிங் கிடையாது, ஏர்பேக் கிடையாது, எதையும் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்க வேண்டியதில்லை. பானெட்டைத் திறந்தால் இன்ஜினுக்குச் சுற்றிலும் கையை விட இடம் இருக்கும். என்னைப் போன்றவர்களைக் கெடுப்பது அந்த இடம்தான். 'கை போகிறது, அப்படியானால் வேலையும் வரும்' என்று தோன்றிவிடுகிறது.

சிங்காநல்லூரில் எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டி, மூடியதாகப் பேர் பண்ணிவிட்டுப் போன ஒரு பள்ளத்தில் இடது முன்சக்கரம் இறங்கி ஏறியது. அன்றிலிருந்து 'கடக் கடக்'. சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஸ்ட்ரட்டில் எண்ணெய் கசிந்திருந்தது, டை ராடு எண்டில் ஆட்டம் இருந்தது. வழக்கமாகப் போகும் பட்டறையில் கூலி சொன்னார்கள். நான் வங்கியில் வேலை பார்ப்பவன். மாலை கணக்கு முடிக்கும்போது ஒரு ரூபாய் டேலி ஆகவில்லை என்றால் விளக்கணைக்காமல் உட்கார்ந்து தேடுகிற ஆள். அந்தக் கூலியைக் கேட்டதும், இந்த ஆளுக்கு இரண்டு போல்ட்டையும் ஒரு நட்டையும் கழற்றி மாட்டத் தெரியாதா என்ற கர்வம் வந்துவிட்டது. உக்கடத்துக்குப் போய் உதிரிபாகங்களையும் ஒரு ஸ்பேனர் செட்டையும் வாங்கி வந்தேன். ஸ்பேனர் செட்டின் விலை பட்டறைக் கூலியைவிட அதிகம். அதை நான் முதலீடு என்ற தலைப்பில் எழுதிக்கொண்டேன்.

எதிர்வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். பார்வையாளர் இல்லாமல் இருந்திருந்தால் நான் பாதியில் நிறுத்திப் பட்டறைக்குப் போன் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

டை ராடு எண்டின் தண்டு கூம்பாக இருக்கும். அது போய் உட்காரும் ஸ்டியரிங் ஆர்மின் துளையும் கூம்புதான். நட்டைக் கழற்றிய பிறகும் இரண்டும் ஒன்றையொன்று விடாது. துளையைச் சுற்றியிருக்கும் இரும்பின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி இரண்டு போடு போட்டால் அது அதிர்ந்து பிடியைத் தளர்த்தும். தண்டு தானாகக் கீழே விழும். நான் தண்டின் நுனியிலேயே போட்டேன். நுனி நசுங்கி அகன்றது. அகன்ற நுனி துளைக்குள் இறங்க மறுத்தது. "பக்கவாட்டுலதானுங்களே தட்டுவாங்க?" என்றார் எதிர்வீட்டுக்காரர். "அது வேற மாடலுக்குங்க" என்றேன். பிறகு அவர் டீ குடிக்க உள்ளே போன நேரம் பார்த்து ஹேக்சா பிளேடால் நுனியை அறுத்துவிட்டு, பக்கவாட்டில் தட்டினேன். விழுந்துவிட்டது.

மாட்டும்போது நட்டின் பள்ளத்துக்கும் தண்டின் துளைக்கும் நேர் பார்த்து ஸ்பிலிட் பின் போட வேண்டும். பழைய பின் கழற்றும்போதே உடைந்திருந்தது. புதிது வாங்க மறந்திருந்தேன். நாலு ரூபாய் பின்னுக்காக உக்கடம் போய்வருவதா என்று, மாடியில் கட்டட வேலையில் மிஞ்சிய கட்டுக்கம்பியை இரண்டு மடிப்பாக நுழைத்து முறுக்கிவிட்டேன். பார்க்க அழகாகவே இருந்தது. ஸ்ட்ரட்டையும் மாற்றியாயிற்று. சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு ஸ்ட்ரட்டைப் பிணைக்கும் இரண்டு போல்ட்டையும் வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, சக்கரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தச் சாய்விலேயே இறுக்கினேன். இந்த வாக்கியத்துக்குப் பின்னால் வேலை இருக்கிறது.

அன்று சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன். 'கடக்' சத்தம் போயிருந்தது. வண்டி நேராகப் போனது. ஸ்டியரிங் மட்டும் பன்னிரண்டு மணியில் இருப்பதற்குப் பதிலாகப் பதினொன்றரையில் நின்றது.

கணக்கு எளிது. இந்த வண்டியில் ஸ்டியரிங் ராக், அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடம் வலமாக நகர்ந்து டை ராடுகளைத் தள்ளும் பல் தண்டு, சக்கர அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. இடது ராடு வேண்டியதைவிட நீண்டுவிட்டால், அது இடது சக்கரத்தின் பின்பக்கத்தை வெளியே தள்ளும். சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே, அதாவது வலப்பக்கம் திரும்பும். வலது சக்கரம் நேராக, இடது சக்கரம் வலப்பக்கமாக. வண்டி இரண்டுக்கும் நடுவில் ஒரு திசையைப் பிடித்துப் போகப் பார்க்கும். அதை நேராக்க நாம் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கம் பிடிக்க வேண்டும். ஆகவே சாய்ந்த ஸ்டியரிங் என்பது கீழே சக்கரங்கள் எழுதி அனுப்பிய புகார் மனு. வங்கியில் அதிகாரிகள் செய்வதையே நானும் செய்தேன். மனுவைத் திருத்தினேன்.

ஸ்டியரிங் வீலின் நடுவில் ஹார்ன் மூடியைக் கழற்றினால் ஒரு பெரிய நட்டு. அதன் கீழே தண்டில் சுற்றிலும் பற்கள். வீலை உருவி ஒரு பல் தள்ளி மாட்டினால் நேராகிவிடும் என்பது என் யோசனை. அதில் ஒரு நுட்பம் உண்டு: நட்டை முழுசாகக் கழற்றாமல் இரண்டு மரை பிடித்திருக்கும்படி விட்டுத்தான் வீலை இழுக்க வேண்டும். இல்லாவிட்டால், அசைய மாட்டேன் என்று நிற்கும் வீல் திடீரென்று மனம் மாறி முகத்துக்கு வரும். அலுவலகத்தில் கேட்டவர்களிடம் பீரோ கதவு இடித்துவிட்டது என்று சொன்னேன். ஒரு பல் தள்ளியதில் இன்னும் ஒரு நூல் இடப்பக்கம். இரண்டு பல் தள்ளியதில் ஒரு நூல் வலப்பக்கம். வலப்பக்கத்தை முன்னேற்றம் என்று முடிவுசெய்து நட்டை இறுக்கினேன்.

எதிர்வீட்டுக்காரர் அசந்துபோனார். "இதுக்குப் போயி அலைன்மென்ட்டு அது இதுன்னு காசு புடுங்கறாங்களே" என்றார். அவருக்கு நான் அரை மணி நேரம் பற்களின் தத்துவத்தை விளக்கினேன். நின்று கேட்டார். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அவ்வளவு கவனமாக எதையும் கேட்டதில்லை.

பல்லடத்துக்கு மாமனார் வீட்டுக்குப் போனபோதுதான் முதல் அடி. மாமனார் டிராக்டர் வைத்திருந்தவர். வாசலில் வண்டி நின்றதும் மகளைப் பார்ப்பதற்கு முன் முன்டயரைப் பார்த்தார். குனிந்து, உள்ளங்கையை டயரின் முகத்தில் குறுக்காக ஒரு பக்கம் தடவினார். பிறகு எதிர்ப்பக்கம் தடவினார். என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒரு திசையில் வழவழவென்று போன கை, திரும்பி வரும்போது ஒவ்வொரு கட்டையின் ஓரத்திலும் தடுக்கியது.

"மாப்ள, டயரு உருளலீங்க. இழுபட்டுட்டு வருது" என்றார்.

"புது டயர்னா கொஞ்சம் அப்படித்தானுங்க மாமா."

"புதுசுங்களா?"

"போன வருசத்துதுங்க."

அவர் அதற்கு மேல் பேசவில்லை. மருமகனிடம் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்த தலைமுறை.

டோ என்று சொல்வது இதைத்தான். இரண்டு முன்சக்கரங்களுக்கும் நடுவில் முன்பக்க விளிம்பில் அளந்தால் ஒரு தூரம், பின்பக்க விளிம்பில் அளந்தால் ஒரு தூரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். பெரும்பாலான சின்னக் கார்களில் அது பூஜ்யத்தை ஒட்டி இரண்டொரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டை ராடை ஒரு சுற்று சுற்றினால் அது நகர்வது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் அது பிடித்திருக்கும் ஸ்டியரிங் ஆர்ம் ஒரு சாண்கூட இல்லாத குட்டைக் கை. டயரோ அரை மீட்டர் விட்டம். அங்கே ஒரு மில்லிமீட்டர், டயர் விளிம்புக்கு வருவதற்குள் நாலைந்து மில்லிமீட்டராகிவிடும். வெங்காயக் கணக்கில் நான் விட்டது இரண்டு மூன்று சுற்று. ஆக டோ ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். அரை மீட்டர் டயருக்கு 12 மில்லிமீட்டர் என்றால், வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடும்போது ஒவ்வொரு முன்சக்கரமும் ஏறக்குறைய 12 மீட்டர் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே வருகிறது. நான் நேராக ஓட்டிக்கொண்டிருந்த வண்டியில் இரண்டு டயர்கள் எதிரெதிர் திசையில் திருச்சி ரோட்டைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு வந்திருக்கின்றன.

இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவன் என் மச்சினன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷம். திரும்பி வரும்போது எங்களோடு வந்துவிட்டான். "மாமா, இதுக்கு மிஷினே வேண்டாம். நூல் கட்டி வீட்டுலயே பாத்துக்கலாம்" என்றான். அவன் சொன்னது சரி. நூல் கட்டிச் சரிபார்ப்பது உலகம் முழுக்க இருக்கும் பழைய முறை. பொறுமையாகச் செய்தால் நன்றாகவே வரும். பொறுமையான இரண்டு பேர் அதற்கு வேண்டும்.

தூண்டில் நரம்பு வாங்கி வண்டியின் இருபுறமும் சக்கரங்களை ஒட்டி இழுத்துக் கட்டினோம். பின்டயரைத் தொடும்படி கட்டி, முன்டயரின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்தோம். முன்சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலமும் பின்சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதும், நூலை நான்கு சக்கரங்களின் மையத்திலிருந்தும் கணக்குப் பார்த்து வண்டிக்கு இணையாக நிறுத்த வேண்டும் என்பதும் நள்ளிரவுக்குச் சற்று முன்னால் மச்சினனுக்கு ஞாபகம் வந்தது. செமஸ்டர் பரீட்சையில் வந்த கேள்வியாம்.

அவிழ்த்துக் கட்டினோம். ஒவ்வொரு முறையும் ஒரு விடை. ஒரே வண்டி, ஒரே நூல், ஒரே ஸ்கேல். விடை மட்டும் வேறு. காரணம் ஜாக்கி. ஜாக்கியில் தூக்கும்போது சக்கரங்கள் கீழே தொங்கி உள்பக்கம் ஒடுங்கும். இறக்கும்போது அவை வெளியே விரிந்து பழைய இடத்துக்கு வர வேண்டும். ஆனால் சிமெண்ட் தரை டயரைப் பிடித்துக்கொண்டு விரிய விடாது. வண்டி குதிகாலில் எக்கி நிற்கும். நாம் அதை அளந்துகொண்டிருப்போம். இறக்கிய பிறகு வண்டியை நாலடி முன்னும் பின்னும் உருட்டி, மேலிருந்து அழுத்தி ஆட்டிவிட்டுத்தான் ஸ்கேலை எடுக்க வேண்டும். அல்லது டயருக்குக் கீழே இரண்டு டைல்ஸை நடுவில் கிரீஸ் தடவி வைக்க வேண்டும், வழுக்கி விரிய. கிரீஸ் தடவினோம். என் மனைவி காலையில் கோலம் போட வந்து அதை மிதித்தது தனிக் கதை.

ஒருவழியாக டோவின் அளவு கைக்கு வந்தது. அதைக் குறைக்க இடது ராடைச் சுருக்கியிருக்க வேண்டும், பிசகு அங்கேதான். இடது லாக் நட்டோ நான் ஆத்திரத்தில் இறுக்கியது, அசையவில்லை. வலது பக்கம் இலகுவாக இருந்தது. "மொத்த டோ தானுங்க மாமா முக்கியம், எந்தப் பக்கம் குறைச்சா என்ன?" என்றான் மச்சினன். வலது ராடைச் சுருக்கினோம். டோ சரியாகிவிட்டது. உண்மையிலேயே சரியாகிவிட்டது. இரண்டு சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒற்றுமையாக, வலப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன.

ஓட்டிப் பார்த்தால் ஸ்டியரிங் மறுபடி இடப்பக்கம் சாய்ந்தது. எனக்குத்தான் மருந்து தெரியுமே. மறுபடி ஹார்ன் மூடி, மறுபடி நட்டு, மறுபடி பல். இந்த முறை மூக்கைத் தள்ளி வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு விசித்திரங்கள் ஆரம்பித்தன. எங்கள் அபார்ட்மெண்ட் வாசல் இடப்பக்கத் திருப்பம். அப்பா காலத்திலிருந்து ஒரே வீச்சில் உள்ளே நுழைந்த வண்டி, இப்போது தூணை இடிக்கப் போய் ஒருமுறை பின்னால் எடுத்து நுழைய வேண்டியிருந்தது. வாட்ச்மேன் தாத்தா சைக்கிளை மாற்றி நிறுத்துகிறார் என்று நினைத்து அவரிடம் சொல்லவும் செய்தேன். பாவம், சைக்கிளைக் கொண்டுபோய்ப் பின்னால் மோட்டார் ரூம் பக்கம் நிறுத்த ஆரம்பித்தார். இரண்டாவது, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. நம் ஊர் ரோடுகள் மழைத் தண்ணீர் வடிய நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். இடப்பக்கம் ஓட்டுகிற நமக்கு எந்த வண்டியும் லேசாக இடப்பக்கம் நழுவத்தான் செய்யும். உண்மைதான் இது. நான் இந்த உண்மையை எவ்வளவு தூரம் இழுக்கலாமோ அவ்வளவு தூரம் இழுத்தேன். சரிவே இல்லாத ஃபிளைஓவரின் மேலும் வண்டி இழுத்தபோது, ஃபிளைஓவரைக் கட்டியவர்களைத் திட்டினேன்.

திருச்சி ரோட்டில் ஓர் அலைன்மென்ட் கடைக்குப் போனதற்கு ஞானோதயம் காரணமில்லை. மனைவி இனி அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். என்ன பிரச்னை என்று கேட்டார். நான் டோ, கேம்பர், காஸ்டர் என்று பேச ஆரம்பித்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "சாவியக் குடுங்க சார்" என்றார். மெஷினைத் தொடவே இல்லை. நாலு டயரிலும் காற்றைப் பார்த்தார். வண்டியை மேலே தூக்கிச் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டினார், மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். பக்கவாட்டில் ஆடினால் ஸ்டியரிங் இணைப்புகளில் தேய்மானம். மேலும் கீழும் ஆடினால் பால் ஜாயின்டோ பேரிங்கோ. ஆட்டம் உள்ள வண்டிக்கு அலைன்மென்ட் பார்ப்பது தண்டம் என்பதால் அதுதான் முதல் வேலையாம். பிறகு விளக்கைப் பிடித்து இரண்டு டை ராடுகளையும் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஸ்டியரிங் வீலக் கழட்டுனீங்களா சார்?"

மேலே இருக்கும் ஸ்டியரிங்கைக் கழற்றியது கீழே நின்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? "லேசா" என்றேன்.

"லேசா எப்படிங்க கழட்டறது?"

கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். லாக் நட்டுக்கு வெளியே தெரியும் மரை இடது பக்கம் நீளமாகவும் வலது பக்கம் குட்டையாகவும் இருந்தது. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ராக் நடுவில் நின்றால்தான் இரு பக்கமும் ஒரே அளவு திரும்பும். நான் ராக்கை நடுவிலிருந்து இடப்பக்கத் திருப்பத்துக்குத் தள்ளி நிறுத்திவிட்டு, அதற்கு மேல் ஸ்டியரிங்கை நேராக மாட்டி வைத்திருந்தேன். இடப்பக்கம் திரும்ப மிச்சமிருந்த தூரம் குறைந்துபோய்விட்டது. வாட்ச்மேன் தாத்தாவின் சைக்கிள் எனக்கு ஞாபகம் வந்தது.

அவர் விரலால் வலது லாக் நட்டைத் தொட்டார். சுற்றியது. ஸ்பேனர் இல்லாமல், விரலால். நள்ளிரவில் அதை இறுக்கியது நான் என்று மச்சினனும், மச்சினன் என்று நானும் நினைத்திருந்தோம். பிறகு இடது பக்கக் கட்டுக்கம்பியைப் பார்த்தார். இதுவரை சிரிப்பாகச் சொல்லிக்கொண்டு வந்தவன் இந்த ஒரு இடத்தில் சிரிக்க முடியாமல் நின்றேன். அந்த நட்டு கழன்று தண்டு ஆர்மை விட்டு இறங்கியிருந்தால் இடது சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பியிருக்கும். ஸ்டியரிங் என் கையில் இருந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது. அந்தக் கம்பியை நம்பிப் பல்லடம்வரை குடும்பத்தோடு போய்வந்திருக்கிறேன்.

"வீட்டுல யாரு சார் ஓட்டுவாங்க இத?"

"நானும் அவங்களும்."

"ம்" என்றார். அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு நடந்த வேலையை நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணி, பாதியில் நிறுத்தினார். அதுதான் ராக்கின் நடு. அங்கே வீலை உருவி நேராக மாட்டினார். அவர் நட்டை முழுசாகக் கழற்றவில்லை என்பதைக் கவனித்தேன். வண்டியை மெஷினில் ஏற்றி, ரிம்களில் கிளாம்ப் பிடித்து, கேமரா கணக்கெடுப்பதற்காக வண்டியைக் கொஞ்சம் பின்னும் முன்னும் உருட்டினார்கள். முன்சக்கரங்கள் சுழலும் தட்டுகளின் மேல் நின்றன. நாங்கள் டைல்ஸையும் கிரீஸையும் வைத்துச் செய்யப் பார்த்தது அதைத்தான் என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

திரையில் பல எண்கள் சிவப்பு. டோவோடு இடது சக்கரத்தின் கேம்பரும் சிவப்பு. கேம்பர் என்பது சக்கரம் மேல்பக்கத்தில் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது. வெளியே அதிகம் சாய்ந்த பக்கம் வண்டி இழுக்கும். இந்த மாதிரி ஸ்ட்ரட்டை ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்க இன்ஜினியர் யோசித்தது பாகங்களைக் குறைத்து மலிவாகச் செய்ய. அந்த எளிமைக்கு விலையாகப் பல சின்னக் கார்களில் கேம்பரைத் திருத்தத் தனியாகத் திருகு எதுவும் இருக்காது. ஆனால் ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் போல்ட் துளையில் மயிரிழை இடம் இருக்கும். அந்த மயிரிழை போதும். நான் ஜாக்கியில் தொங்கவிட்டு இறுக்கியபோது சக்கரம் அந்த இடத்தைப் பயன்படுத்தி வெளியே சாய்ந்துகொண்டது. கடைப் பையன் போல்ட்டைத் தளர்த்தி, சக்கரத்தின் மேல்பக்கத்தை இரண்டு கையாலும் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டே இறுக்கினான். எண் பச்சையாகிவிட்டது. ஃபிளைஓவர் கட்டியவர்களுக்கு என் மன்னிப்பு உரித்தாகுக.

அவர் வேலை செய்த நேரத்தில் எனக்கு வேறொரு ஆள் ஞாபகம் வந்தார். திருப்பத்தில் உள்சக்கரம் அதிகமாகவும் வெளிச்சக்கரம் குறைவாகவும் திரும்ப வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு ஆக்கர்மன் என்று பெயர். ஆக்கர்மன் லண்டனில் புத்தகமும் படமும் விற்றவர். 1817 வாக்கில் அதைச் செய்தவர் மியூனிக்கில் வண்டி கட்டிய லாங்கென்ஷ்பெர்கர் என்பவர். ஆக்கர்மன் அவருடைய ஏஜெண்டாக 1818இல் இங்கிலாந்தில் பேட்டண்ட் வாங்கினார். அதைத் தான் செய்யாமலே இருநூறு வருஷமாக ஒவ்வொரு ஸ்டியரிங்கிலும் அவர் பெயர் இருக்கிறது. முழங்கைவரை கிரீஸில் முக்கிய எனக்கு அங்கே பையன் வைத்த பெயர் 'கட்டுக்கம்பி சார்'. நான் காதில் விழாத மாதிரி இருந்தேன்.

டெஸ்ட் ஓட்டிப் பார்த்தபோது ஸ்டியரிங் நேராக நின்றது. ஆனால் வண்டி இன்னும் லேசாக இடப்பக்கம். எனக்கு உள்ளுக்குள் ஓர் அற்ப சந்தோஷம்: ஆக, அவராலும் முடியவில்லை. அவர் முன்டயர்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போடச் சொன்னார். மறுபடி ஓட்டினோம். இப்போது வலப்பக்கம் இழுத்தது.

"டயருதானுங்க. ஓரம் தின்னுபோய்க் கோணலாத் தேஞ்சிருக்குது. இழுக்கறது அதோட வேல."

"டயர் ஏங்க அப்படித் தேஞ்சுது?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. அவர் பதில் சொல்லவில்லை. பையன் சொல்ல வந்தான். அவர் அவனைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அலைன்மென்ட்டுக்கு ஆனது சில நூறு ரூபாய். முன்பக்கத்துக்குப் புது டயர்கள் இரண்டு வாங்கியதை இங்கே எழுதவில்லை. வீட்டிலும் முழுத் தொகையைச் சொல்லவில்லை. ஸ்பிலிட் பின்னுக்கு அவர் காசு வாங்கவில்லை. உபரியாக நாலு பின்னை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்து, "வீட்டுல வேல செய்யறது தப்பில்லீங்க சார். பால் ஜாயின்டு, டை ராடு, ஸ்ட்ரட்டு, இதுல எதத் தொட்டாலும் இறுக்கிப்போட்டு மெதுவா நேரா இங்க ஓட்டிட்டு வந்துருங்க. ஸ்டியரிங் கோணலா இருந்தா கோணலாவே வாங்க. நேராக்கிட்டு வராதீங்க" என்றார்.

கிளம்பும்போது பக்கத்து மேடையில் ஒரு புது மாடல் கார் நின்றது. அதன் ஸ்டியரிங் நடுவில் ஏர்பேக் என்று எழுதியிருந்தது. சும்மா கேட்டேன், இதிலும் வீலைக் கழற்றிப் பல் தள்ளலாமா என்று. அவர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். பேட்டரியைக் கழற்றிக் காத்திருக்காமல் அதில் கை வைத்தால் ஏர்பேக் முகத்தில் வெடிக்கலாம். கீழே சுருளாக ஓடும் வயரைத் திருகி அறுத்துவிட்டால் ஹார்னும் போகும், ஏர்பேக்கும் வேலை செய்யாது. எலக்ட்ரிக் ஸ்டியரிங் என்றால் கோணம் பார்க்கும் சென்சாருக்கு நடு எது என்று மறுபடி மெஷின் போட்டுச் சொல்லித்தர வேண்டும். "அதையுமா கழட்டுனீங்க?" என்றார். இல்லை இல்லை என்றேன்.

பாதி வழியில்தான் எதிர்வீட்டுக்காரரின் வண்டி ஞாபகம் வந்தது. போன வருஷம் வாங்கியது. ஓரமாக நிறுத்திப் போன் செய்தேன்.

"சார், அன்னிக்கு ஸ்டியரிங் வீலு பத்தி ஒண்ணு சொன்னேனுங்களே…"

"ஆமாங்க, அந்தப் பல்லு சமாச்சாரம். அருமைங்க."

"உங்க வண்டில எதும் பண்ணிடலீங்களே?"

"நானெங்கீங்க பண்றேன், எனக்கு ஸ்பேனர் புடிக்கவே தெரியாது" என்று சிரித்தார். எனக்கு மூச்சு வந்தது. "திருப்பூர்ல எங்க சகலைக்குத்தான் சொன்னேன். அவுரு வண்டியும் ஸ்டியரிங்கு கோணலா நிக்குதாமா. இன்னிக்கு லீவுதானே, கழட்டிட்டு இருப்பாரு."

சகலையின் நம்பரைக் கேட்டு வாங்கி அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கையில் வேலை இருக்கும்போது நானும் எடுப்பதில்லை.